தலைவர் வீட்டு ரேடியோ

1964 ஒக்டோபர் 30, வெள்ளி. ராகலை.

சீ, என்ன மனிதர்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய ரேடியோ அது. தொழிலாளர் சங்கத் தலைவர் மாணிக்கம் வீட்டில் இருக்கிறது. அவரைத் தவிர யாரும் அதில் கை வைக்கக் கூடாது. எங்களில் யார் இந்தத் தீவில் இருக்கலாம், யாரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசாங்கமும் டெல்லியில் பேசி முடிக்கிற நாள் என்பதால், இன்று சாயங்காலம் அத்தனை பேரும் அவர் வாசலில் கூடியிருந்தோம். செய்தி தொடங்கியது. "இந்திய வம்சாவளி மக்கள்" என்று வாசித்ததுமே தலைவர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

"பேட்டரி தீந்து போச்சுங்க. சங்கத்துல இருந்து சேதி வரட்டும், நானே வெவரமா சொல்றேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அதே ரேடியோவில் சினிமாப் பாட்டு கணீரென்று வந்தது.

"பாட்டுக்கு மட்டும் பேட்டரி எங்கேருந்து வந்துச்சு, தலைவரே?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு தங்கச்சி இந்த வம்பு? பாட்டக் கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். தொடையில் தாளம் வேறு.

தோட்டத்துத் துரை எதையும் நம் காதில் போடுவதில்லை என்றுதான் இந்த ரேடியோவையே வாங்கினோம். இப்போது மறைப்பதற்கு நம் ஆளே இருக்கிறார்.

சின்னவள் அந்தப் பாட்டை முனகிக்கொண்டே தூங்கிவிட்டாள். அவளைக் கப்பலேற்றப் போகிறார்களா, விட்டுவைக்கப் போகிறார்களா என்பது இந்நேரம் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். பெற்றவளுக்குத் தலைவர் வாயைத் திறந்தால்தான் உண்டு.