இரண்டு கொதி

நாள் 203, காலை 09:10
செவ்வாய் நிலையம் வழக்கம்போல். உள்ளழுத்தம் பூமியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கிறது. எழுதுபவன் அறவாழி, தண்ணீர், காற்றுப் பராமரிப்பு. இங்கே இருப்பது மூன்று பேர். நிலவியலாளர் ரோஸ்லின் அக்காவும் ஓட்டுநர் மாடசாமியும் பாறை தோண்ட வண்டியில் போயிருக்கிறார்கள். இருபது நாளில் வருவார்கள். தனியாக இருப்பவன் வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆகவே அடைந்து கிடக்கிறேன்.

அவர்கள் வரும்போது பீர் தயாராக இருக்க வேண்டுமாம். அக்காவின் உத்தரவு. முளைகட்டிய பார்லியில் செய்த மால்ட் பாகு டின்னை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாள் 204, காலை 10:30
டின்னின் லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. இருபது லிட்டர் பீர் வரும் என்ற வரி மட்டும் மிச்சம். எத்தனை லிட்டரைக் கொதிக்க வைப்பது? எட்டு லிட்டரில் பாகைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, மீதிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றலாம். சீக்கிரம் ஆறும். ஆனால் கெட்டியாக இருந்தால் அடிபிடிக்கும், நிறம் கறுக்கும். பச்சைத் தண்ணீர் என்பதும் எங்கள் மூவரின் வியர்வையும் சிறுநீரும் வடிகட்டி வந்தது. வடிகட்டிக்குக் காலம் முடிந்து இரண்டு மாதம். அதைக் கொதிக்கவைக்காமல் ஊற்ற எனக்கென்ன பைத்தியமா? முழு இருபதையும் கொதிக்கவிடலாம் என்றால் பாத்திரம் பதினைந்து லிட்டர்தான். நுரை பொங்கும்.

ரேடியோவில் கேட்டேன். அக்காவின் பதில்:

“மக்ளே, கசப்புக்குப் போடுத ஹாப்ஸ் பூ எல்லாம் அந்தப் பாகுலயே சேத்துதான் வருது. ரெண்டு கொதி விடு, போதும். சும்மா உயிர வாங்காத.”

தெளிவாகச் சொல்லிவிட்டார். பத்து லிட்டர் ஒரு கொதி, பத்து லிட்டர் இன்னொரு கொதி. பீர் என்றால் ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அப்படியே செய்கிறேன்.

நாள் 204, மாலை 15:40
சனியன் பிடித்த வேலை. முதல் கொதி பொங்கி அடுப்பை அணைத்தது. துடைத்து மறுபடி ஏற்றினேன். இரண்டு கொதியும் முடிவதற்குள் ஐந்து லிட்டர் ஆவியாகிவிட்டது. சுவரெல்லாம் வேர்க்கிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் அழுகிறது.

அடுத்த தலைவலி, ஆற வைப்பது. இரண்டு மணி நேர ஆவியில் ஊறிய இந்த அறையில் இனி வைக்க முடியாது. ஊற்றிக் குளிரவைக்கப் பச்சைத் தண்ணீரும் கிடையாது. உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவிலுள்ள ஏர்லாக் அறைதான் இங்கே மிகக் குளிர்ந்த இடம். பாகுநீரை எல்லாம் அங்கே மூடியில்லாமல் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஆறிவிட்டது. ஈஸ்ட் போட்டாயிற்று. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நாள் 221, காலை 11:00
புழுதிப்புயல். வண்டி இரண்டு நாளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர்களிடம் இருக்கும் காற்று 224ஆம் நாள் மாலை வரைதான். ரேடியோவுக்குப் பக்கத்திலேயே படுக்கிறேன்.

நாள் 224, மாலை 15:02
வந்துவிட்டார்கள். வண்டி வாசலில் நிற்கிறது. இருவர் உடுப்பிலும் காற்று எழுபது நிமிடத்துக்கு இருக்கிறது. ஏர்லாக்கின் காற்றை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். காற்றை வெளியே விடும் இரண்டு வால்வுகளும் பனிக்கட்டிக்குள் இருக்கின்றன. காற்று போகாமல் வெளிக்கதவு திறக்காது.

15:11
ரேடியோவில் அக்கா: “ஏர்லாக்குல பனி எப்படிலே வந்துச்சி?”

சொன்னேன். இரண்டு கொதி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஆற வைத்த இடம், எல்லாம். மூடாமல் வைத்த பாகுநீரின் ஆவிதான் வால்வில் உறைந்திருக்கிறது.

“அட பாவி மக்கா. ரெண்டு கொதின்னா ரெண்டு தடவ பொங்கி மேல வரணும், அவ்வளவுதாம்லே. ரெண்டு நிமிசம். ரசத்துக்கு விடுத மாதிரி.”

15:19
வெப்பக்காற்றுத் துப்பாக்கி வண்டியில் இருக்கிறது. அது வெளியே, பனி உள்ளே. என்னிடம் அடுப்பும் பாத்திரமும்தான். மறுபடி அதே கேள்வி, எத்தனை லிட்டர்? பத்து என்றால் கொதிக்க முப்பத்தைந்து நிமிடம். இரண்டு என்றால் எட்டு. இரண்டு வைத்தேன்.

15:29
கொதிநீரைப் பையில் அடைத்து வால்வில் கட்டினேன். மேலே கொஞ்சம் உருகியது. பை ஆறியதும் மறுபடி இறுகிவிட்டது. இன்னொரு இரண்டு.

15:41
அதுவும் போதவில்லை. முதலிலேயே பத்து வைத்திருந்தால் இன்னும் கால் மணி நேரத்தில் கொதித்திருக்கும். மடையன். மடையன். இப்போது பத்து ஏற்றியிருக்கிறேன்.

15:50
“அண்ணாச்சி, மாடசாமி பேசுதேன். பதறாம பாருங்க. எங்கிட்ட இருந்த காத்தையும் அக்காவுக்கு மாத்திவிட்டுட்டேன். அக்கா சண்ட போடுதாவ, நீங்க ஒண்ணும் கேக்காதீங்க.”

16:04
மாடசாமி, பேசு. தண்ணீர் 71 டிகிரி.

16:12
82. பேசுடா.

16:31
வால்வு திறந்தது. வெளிக்கதவு திறந்தது. ரோஸ்லின் அக்கா அவனை இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் மாறி மாறி அவன் நெஞ்சை அமுக்கினோம்.

17:20
நிறுத்திவிட்டோம்.

17:45
திட்டுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் மாடசாமியின் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். இதைப் படிப்பவர்கள் காரணம் என்ற இடத்தில் இயந்திரக் கோளாறு என்று எழுதாதீர்கள். எத்தனை லிட்டர் என்று கேட்ட நான் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. கேட்க ரேடியோ கையில்தான் இருந்தது.