வைஃபை எட்டும் தூரம்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே ஆகவேண்டுமென்றால் படியுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

அப்பா நெட் கனெக்‌ஷனை மாற்றப்போகிறார். என் பன்னிரண்டாம் வகுப்பு ஆன்லைன் டியூஷனில் சார் பாதிச் சொல்லில் உறைந்துபோகிறார். அம்மாவின் ஆன்லைன் ஜெபக்கூட்டமும் அப்படித்தான். இரண்டு நோட்டீசுகளைக் கொடுத்து, எது நல்லது என்று என்னையே பார்த்துச் சொல்லச் சொன்னார். ஒன்று பெரிய கம்பெனியுடையது. இன்னொன்று எங்கள் தெரு கேபிள் கதிரேசன் அண்ணாவுடையது.

ஜூன் 11, புதன்

புதன்கிழமைகளில் அம்மா ஆறு மணிக்கு சர்ச்சுக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு ஏர்போர்ட் சரக்குக் கிடங்கில் இரண்டாம் ஷிப்ட். ஆறரைக்கு ஜாஸ்மின் அக்கா பல்லாவரத்தில் வேலை முடித்து, எங்கள் கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டியருகே வந்து நிற்பாள். அப்பா பேச்சை மீறி தீனா மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு படப்பைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா அன்று சொன்னார். அவள் மிதிப்பதில்லை. நான் கேட்டுக்கு உள்ளே, அவள் வெளியே. மற்ற நாட்களில் டியூஷனுக்குக் கொடுத்த சிம் இல்லாத போனில் வைஃபை வழியாகப் பேசுவோம்.

நெட் எங்களைக் காட்டிக்கொடுத்தால் அதுவும் போய்விடும். பெரிய கம்பெனி நோட்டீசில் போட்டிருக்கிறது: வீட்டில் யார் எந்நேரம் இணைகிறார்கள் என்று உங்கள் மொபைலிலேயே பார்க்கலாம். படத்தில் ஒரு அப்பா சிரிக்கிறார். கதிரேசன் அண்ணா நோட்டீசில் அப்படி எதுவும் இல்லை.

ஜூன் 14, சனி

கற்றுக்கொண்டது: ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதில் ‘வரை’ முக்கியம். ‘அன்லிமிடெட்’ பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். கீழே எறும்பு எழுத்தில், இவ்வளவுக்கு மேல் போனால் வேகம் குறையும் என்றிருக்கும். பெரிதாகப் போடுவது நமக்கு வரும் வேகம். நம் முகமும் குரலும் அந்தப் பக்கம் போவதற்கு அப்லோடு வேகம் வேண்டும். பெரிய கம்பெனியில் இரண்டும் சமம். கதிரேசன் அண்ணாவிடம் போகிற வேகம் ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்பாவிடம் கதிரேசன் அண்ணாதான் நல்லது என்றேன். லைன் அறுந்தால் கூப்பிட்டவுடன் வருவார் என்றேன். பொய்யில்லை. அப்லோடு பற்றி வாயைத் திறக்கவில்லை. நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்று அப்பா பாராட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கதிரேசன் அண்ணா வந்து, பெட்டியை உள்ளறை அலமாரி மேல் வைத்தார். பழைய பெயரும் பாஸ்வேர்டுமே வைக்கட்டுமா, போன், டிவி எல்லாம் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டார். சரி என்றேன். பிறகு அப்பாவின் போனை வாங்கினார்.

“ஏசுபாதம் சார், இப்ப நம்மகிட்டயும் ஆப் கீது. யாரு கனெக்ட் ஆனாலும் பேரு வந்து நிக்கும். பெரிய கம்பெனிக்காரன் மட்டுந்தான் குடுப்பானா இன்னா?”

அப்பா வெளியே போனதும் அண்ணாவிடம் மெல்லக் கேட்டேன். பெயரும் நேரமும் மட்டும்தான் தெரியுமாம், யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாதாம். மூச்சு வந்தது.

ஜூன் 18, புதன்

ஐயோ. பழைய பாஸ்வேர்டு. அக்கா போன்லயும் அதேதானே இருக்கு. தானா புடிச்சுக்கும்னு சொன்னாரே. நான்தானே சரின்னேன் —

அவள் போன பிறகுதான் உறைத்தது. அப்பா பதினொன்றுக்கு வருவார்.

ஜூன் 19, வியாழன்

ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

கேட்டுவிட்டார். அம்மா கடைக்குப் போனதும் போனை என் முன்னால் வைத்தார். ‘ஜாஸ்மின் போன், 6.31 – 6.57.’ பக்கத்தில் சிவப்பாக ‘தடை செய்’ என்ற பொத்தான்.

“உள்ள வந்தாளா?”

“இல்லப்பா. இஸ்திரி வண்டிகிட்ட.”

“இருபத்தாறு நிமிஷமும் நின்னுக்கிட்டேவா?”

தலையாட்டினேன். போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை. பொத்தானை அழுத்தினாரா என்று தெரியவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருவேன் என்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

அப்பா கதிரேசன் அண்ணாவை வரச்சொன்னார். நெட்டைப் பிடுங்கத்தான் என்று நினைத்தேன். பெட்டியை முன்னறையில், தெருப்பக்க ஜன்னல் ஓரம் மாற்றச் சொன்னார்.

“அங்க மாட்டினா பாதி சிக்னல் ரோட்டுக்குத்தான் சார் போவும். வேஸ்ட்டு.”

“போகட்டும்பா. மாட்டு.”

என் அறையில் டியூஷன் சார் மறுபடியும் உறைந்துபோகிறார். நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

இதுவரை எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுதினேன். முதல்முறையாக வெளிச்சத்தில் எழுதுகிறேன். மணி 6.40. அம்மா இன்று சர்ச்சுக்குப் போகவில்லை. அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

6.31க்கு அப்பாவின் போன் ‘டிங்’ என்றது. என்னை அறைக்குள் போகச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னறை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இஸ்திரி வண்டியருகே போட்டார். திரும்பி உள்ளே வந்துவிட்டார். கேட்டைச் சாத்தவில்லை.

அக்கா உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஹாலில் இருக்கிறார், டிவி போடவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டார்.

இப்போது எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. போய்விட்டாளா?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். என் அறைக் கதவை இல்லை. வாசல் கதவை —