உன் முகத்துக்குக் கீழே யாரோ பேசியது

மாப்ள,

இன்று காலை மருமகள் செல்வி போனை என் முன்னால் நீட்டினாள். அதில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் மகள் கல்யாணத்தில் நாம் சேர்ந்து நின்ற படம். என்னை வெட்டி எறிந்துவிட்டார்கள். உன் தோளில் கிடந்த என் கை மட்டும் மிச்சம். கிணற்று வடத்தில் நசுங்கிய விரலை வைத்துத்தான் அது என் கை என்றே தெரிந்துகொண்டேன்.

ஏதோ திரவ உரக் கம்பெனியின் பக்கமாம். உன் பெயரையும் திருவாதவூர் என்று ஊரையும் போட்டு, கீழே நீ சொன்னதாக எழுதியிருந்ததைச் செல்வி வாசித்தாள். “இதை அடித்த பிறகு என் வயலில் விளைச்சல் இருமடங்கானது. எல்லா விவசாயிகளுக்கும் பரிந்துரைக்கிறேன்.”

எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ஆனால் உன் பேச்சு எனக்குத் தெரியாதா? களத்தில் நெல் நெஞ்சுயரம் குவிந்த வருஷம், வியாபாரி வந்து “எம்புட்டுண்ணே கண்டுச்சு?” என்று கேட்டான். நீ தோள்துண்டை எடுத்துக் குவியல்மேல் போட்டுவிட்டு, “என்னத்தக் கண்டுச்சு, கோழிக்குக் காணும். வா, டீ குடிப்போம்” என்றாய். கண் பட்டுவிடும் என்று பெண்டாட்டியிடம்கூட விளைச்சலைச் சொல்லாதவன் நீ. நம் பக்கத்தில் யார்தான் சொல்வார்கள்? அதை எழுதியவன் எந்தக் களத்திலும் நின்றவன் இல்லை.

கொடுமை என்னவென்றால், என் மகனே நம்பிவிட்டான். “மாமாவே சொல்லிருக்காருப்பா. இந்தப் போகத்துக்கு நம்மளும் அடிப்போம்” என்று பணம் கட்டப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னாய் என்றுதானே இந்த வீட்டில் மாடு வாங்கினோம், பெண் எடுத்தோம்.

அந்தப் பக்கத்தில் இருந்த நம்பருக்குச் செல்வியைப் போன் போடச் சொன்னேன். ஒரு பெண் எடுத்தாள்.

“எங்க மாப்ள இத எப்பம்மா சொன்னாரு?”

“அது வாடிக்கையாளர் கருத்துங்கய்யா.”

“அவரு செத்து வருஷம் திரும்பப் போகுது. உங்க உரம் வந்ததே இந்தத் தையிலதான்.”

“சாரிங்கய்யா. போட்டோவ மாத்தச் சொல்றேன்.”

“அவரு சொன்னதாப் போட்டிருக்கே, அது?”

“அது இருக்கும்ங்கய்யா. போட்டோதான் மாத்துவோம்.”

அந்தப் பிள்ளையின் குரலில் கூச்சமும் இல்லை, திமிரும் இல்லை. பானையில் தண்ணீர் மாற்றுவது மாதிரிச் சொன்னாள். பக்கத்தில் நின்று கேட்ட மகன், போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

சாயங்காலம் செல்வி மறுபடி பார்த்தாள். நீ இல்லை. உன் இடத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர். பெயர் வேறு, ஊர் வேறு.

“கீழ உள்ளத வாசிச்சுக் காட்டும்மா.”

“ஒரு எழுத்துகூட மாறல மாமா.”

உன் குரல் என் காதில் இருந்ததால் நீ தப்பினாய், மாப்ள. அது இருக்கும் வரை உன் வாயில் எவனும் எதையும் வைத்துவிட முடியாது. ஆனால் அந்த மனிதர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்த ஓர் ஆள் எங்காவது உயிரோடு இருக்க வேண்டும்.