கெட்டிலைத் தூக்கியவருக்கு

என்னங்க,

டீ போடத்தானே கெட்டிலைத் தூக்கினீங்க? அப்படியே கீழ வச்சிடுங்க. இன்னிக்கு அரந்தன் பண்டிகை, வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. அது மேல அல்லிப்பூ வச்சுக் கும்பிட்டிருக்கேனே, கண்ணுல படலையா? தீப்பெட்டியைத் தேடாதீங்க, என் பையில இருக்கு.

அண்ணன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோறேன். உங்களுக்குத் தண்ணி ஊத்தின சோறு, சேப்பங்கீரை, பருப்பு, இலிஷ் மீன் எல்லாம் நேத்தே சமைச்சு மூடி வச்சாச்சு. மதியம் உங்க அக்கா வருவாங்க. "கொஞ்சம் சூடு பண்ணிக் குடுடா"ன்னு கெஞ்சுவாங்க. அசையாதீங்க. மீன் தலை அவங்களுக்கு.

ஊரோட சேர்ந்து பட்டம் விட மாடிக்குப் போனா சமையலறைக் கதவைச் சாத்துங்க. பூனைக்கு இன்னிக்கும் பசிக்கும்.

பருப்புல சர்க்கரை போட்டிருக்கேன். எங்க பக்கத்துப் பழக்கம், போடத்தான் போடுவேன். நேத்து எதிர்வீட்டுக்கே கேக்கற மாதிரி "இது பருப்பா, பாயசமா?"ன்னு கத்தினீங்களே, அதை நான் மறக்கல. பத்மா நதிக்கு அந்தக் கரையிலேர்ந்து வந்த உங்க குடும்பத்துக்கு மிளகாய் ஒண்ணுதான் ருசி!

சர்பாணி

பி.கு.: அலமாரியில ஃபிளாஸ்க் இருக்கு. நேத்து ராத்திரி அடுப்பை அணைக்கறதுக்கு முன்னாடி உங்களுக்காகப் போட்ட டீ. சர்க்கரை போடல.

இன்னொண்ணு: அடுப்போட சேர்த்து நம்ம சண்டைக்கும் இன்னிக்கு லீவு. நாளைக்குக் காலைல ரெண்டையும் பத்த வச்சுக்கலாம்.