பேனர் வைத்த பிறகு இடம் கிடைத்தவனுக்கு

இன்று காலை கடையைத் திறந்து பேனர் அடிக்கும் மெஷினைப் போட்டதும் பிளெக்ஸ் மையின் நெடி குப்பென்று அடித்தது. கூடவே உன் நினைப்பும். "இந்த நாத்தத்துல எப்படிலே சோறு இறங்குது?" என்று கேட்டபடியே, ஊருக்கு வரும்போதெல்லாம் என் டிபன் டப்பாவைக் காலி செய்கிறவன் நீ. நீ கண்ணை மூடி வருஷம் ஒன்றாகப் போகிறது. இந்தக் கோடையில் டப்பாவில் சோறு மிஞ்சுகிறது.

நாம் டிகிரி முடித்த வருஷம், வடக்கே அந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து உனக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அழைப்பு வந்தாலே இடம் கிடைத்த மாதிரிதான் என்று நாங்களாக முடிவுகட்டி, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே உன் படம் போட்டு வாழ்த்துப் பேனர் கட்டிவிட்டோம். நீ ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாய். அதற்குள் உன் அம்மா தெருவுக்கே பால்கோவா கொடுத்து முடித்திருந்தார்கள். இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்று புலம்பிக்கொண்டே ரயிலேறினாய்.

அங்கே, இங்கு ஏன் சேர வேண்டும் என்று கேட்டார்களாம். ஊரில் பேனர் வைத்துவிட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னாயாம். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் ஓர் அம்மையார், அந்த ஊருக்கு நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டாராம். இதுவரை ஒன்றுமில்லை, இங்கே படிக்க வந்த யாரும் ஊர் திரும்பியதில்லை என்றாயாம். இடம் கிடைத்தது. உண்மை பேசியதற்கா, பாவம் பார்த்தா என்று நான் கடைசிவரை உன்னைச் சீண்டினேன்.

பிறகு அங்கேயே பேராசிரியரும் ஆனாய். விடுவேனா? நம் ஊரின் நல்ல மூளையை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிற இடம்தானே அது என்று வருஷா வருஷம் சண்டை. நீயும் சளைக்காமல் கோடைதோறும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்குவாய். சுற்றுவட்டாரக் கண்மாய், கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துப் போய் உங்கள் ஆய்வகத்தில் சோதித்து, எதைக் குடிக்கலாம், எது ஆகாது என்று அந்தந்த ஊருக்கே வந்து சொல்வீர்கள். "நம்ம வரிப்பணத்துல நாம எல்லாரும் சேந்து கட்டுன இடம்லே அது. நம்ம வீடுன்னு உள்ள போகணும், நின்னு கேள்வி கேக்கணும்" என்பாய். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ஒத்துக்கொண்டால் சண்டை முடிந்துவிடுமே.

இன்று சேத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகிவிட்டது. பேனர் அடிக்கச் சொன்னவர் சற்று நேரத்தில் தயங்கினார்.

"பேனர் வெச்சிட்டா அனுப்பித்தான் ஆகணும். போற பிள்ளை நம்ம பிள்ளையாவே திரும்பி வருமா அண்ணாச்சி?"

நான் வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் உன் பேச்சு. அது நம்ம வீடு, தைரியமாக அனுப்புங்கள் என்றேன். உன் கதையைச் சொன்னேன், தண்ணீர் சோதித்த கதையையும் சொன்னேன். மனிதர் முகம் தெளிந்து, மகளின் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனை வருஷச் சண்டையில் கடைசியில் நீ ஜெயித்துவிட்டாய். இதை உன்னிடம் ஒத்துக்கொண்டு, நீ அடிக்கிற நக்கலை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும் போல இருக்கிறது.