எரியாத பஞ்சு மெத்தை

அனுப்புபவர்:
அலியார் ஆதம்பாவா,
மாட்டுவண்டிக்காரன்,
கடற்கரை வீதி, சாய்ந்தமருது.

பெறுபவர்:
காரியாதிகாரி அவர்கள்,
கல்முனை.

விடயம்: ஐஸ் அறைக் கட்டடத்தில் மிஞ்சிய பஞ்சினால் என் மகள் ஹாஜறாவின் வாழ்வு கெட்டது பற்றி.

கனம் பொருந்திய ஐயா,

1. கடற்கரையில் மீன் வைக்கக் கட்டிய ஐஸ் அறைக்கு, மட்டக்களப்பு ரயில் நிலையத்திலிருந்து சாமான் ஏற்றியவன் நான். உள்ளே வெக்கை புகாமல் சுவருக்குள் அடைக்கவென்று வெள்ளைப் பஞ்சுக் கட்டுகளும் வந்தன. வேலை முடிந்ததும், மிஞ்சியதைக் கொண்டுபோகும்படி வேலையை மேற்பார்த்த கொந்தராத்து ஓவசியர் சொன்னார். அது என்ன பஞ்சென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், படுக்கையைப் பெண் வீட்டார் செய்து வைப்பதும் ஐயா அறிந்ததே. இலவம்பஞ்சு வாங்க வக்கில்லாத நான் அந்தப் பஞ்சைக் கலியாண மெத்தைக்குள் அடைப்பித்தேன். தைத்த என் மனைவிக்குக் கை அரித்தது. அப்போது வயலில் நெல் சூடடிப்புக் காலம். வைக்கோல் சுணையில் ஊரே சொறிந்துகொண்டிருந்தது. அதுதான் என்று இருந்துவிட்டோம்.

3. கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் மகளின் முதுகும் கைகளும் தடித்துச் சிவந்தன. மருமகன் ஜவுபருக்கும் அப்படியே. அவர் தாய்வீட்டுக்குப் போனார்; அங்கே அவருக்கு மாறிச் சுகமானது. மாறியதே எங்களுக்கு வினையானது. நோய் பெண்ணிடம்தான் என்று முடிவு கட்டினார்கள். அவருடைய தாயார் என் வாசலில் நின்று, "இவளைக் குட்டக்காரர் இருக்கிற மாந்தீவுக்கு அனுப்புங்க, என்ட மகனை விடுங்க" என்றார். அக்கம்பக்கம் முழுவதும் கேட்டது. பெருநாளுக்கும் மருமகன் வரவில்லை.

4. தொற்று இருந்தால் தொலையட்டும் என்று மெத்தையைக் கடற்கரையில் போட்டுக் கொளுத்தினோம். துணி எரிந்தது. பஞ்சு எரியவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றியும் எரியவில்லை. சூனியம் என்று சிலர் கதைத்தார்கள். ஐயா, எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. ஓடிப்போய் ஓவசியரைக் கேட்டேன். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்த பஞ்சு அது, மேலில் பட்டால் குத்தும் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். பள்ளிவாசலுக்கு வந்து இதைச் சொல்லும்படி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மிஞ்சியதைக் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறுத்துவிட்டார். வண்டிக்காரன் சொன்னால் யார் நம்புவார்?

5. தலாக் சொல்லப்போவதாக மருமகன் வீட்டார் காதியாருக்கு அறிவித்துவிட்டார்கள். நான் நட்டஈடு கேட்கவில்லை. ஐயா அந்த ஓவசியரை அழைப்பித்து, காதியார் முன் உண்மையைச் சொல்லச் செய்ய வேண்டும்.

6. மெத்தை போனபின் மகளின் தோல் ஆறிவிட்டது. ஒரு தழும்பும் இல்லை. ஆனாலும் அவள் தன் கோப்பையை வேறாகக் கழுவி வைக்கிறாள். தங்கை பக்கத்தில் வந்து படுத்தால் எழுந்து போகிறாள். கண்ணாடிப் பஞ்சு என்று எத்தனை தரம் சொன்னாலும், "ஆறுதலுக்குச் சொல்றீங்க வாப்பா" என்கிறாள். பெரிய இடத்துச் சொல் என்றால் நம்புவாள். ஊருக்குச் சொல்ல முடியாமற் போனாலும், அவளுக்கு ஒரு நோயும் இல்லை என்று என் மகளிடமாவது ஐயா சொல்லிவிட வேண்டும்.

தங்கள் தயவை நாடி நிற்கும்,
அ. ஆதம்பாவா

சாய்ந்தமருது,
09.05.1957