அட்டையை முதலில் புதுப்பித்துக்கொள், எந்தெலா

கொர்ச்சா,
செப்டம்பர் 19

என் கண்ணு எந்தெலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டி இரிஸும் ஒரு தும்மல்கூட இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் இருக்கிறோம், எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன், பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்து அலறாதே, கடைசி வரை படி. போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். உன் முகத்தைத் திரையில் பார்த்தால் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன், என்ன செய்ய. மாடி வீட்டு ஓல்கா வியாழக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள், இதையும் சுட்ட குடைமிளகாய் இரண்டு பாட்டிலையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன். ஒரு பாட்டிலில் உப்பு தூக்கல், அதை மாப்பிள்ளைக்குக் கொடு, அவர் எதையும் குறை சொல்ல மாட்டார்.

ஆகஸ்டில் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா பெரியப்பாவின் தோட்டத்துக்குப் பிளம் பறிக்கப் போயிருக்கிறார், மலைமேல் சிக்னல் கிடைக்காது என்றேன் அல்லவா, அது பொய். அவர் தலைநகரில், திரானாவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். படியேறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், இதயத்துக்குப் போகும் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், சத்தியமாகச் சொல்கிறேன், காலையில் பூங்கா வரை நடக்கிறார், சாயங்காலம் டோமினோவில் கள்ளாட்டம் ஆடிவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறார், உப்பில்லாத சூப்பைப் பார்த்தால் மட்டும் முகம் சுண்டிப்போகிறது. அன்றைக்கே உன்னிடம் சொல்லலாம் என்று நான் போனை எடுத்தேன். படுக்கையில் கிடந்தபடியே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொன்னா இன்னிக்கே பெட்டிய கட்டிடுவா. கனடாவுல தங்கற அட்டை முடிஞ்சு போச்சுன்னு அவளே சொன்னால்ல? வந்துட்டுத் திரும்பிப் போக முடியாம குழந்தைய விட்டுட்டு இங்க கெடந்து தவிப்பா. வாயத் தொறந்தே, இந்தக் குழாயெல்லாம் புடுங்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துருவேன், பாத்துக்கோ" என்றார். உன் அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. அவர் அங்கே கிடந்த ஆறு நாளும் உன்னிடம் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். கோபித்துக்கொள், ஆனால் என்னிடம் மட்டும் கோபித்துக்கொள், அவரிடம் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, குளிர்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடத்தானே போகிறேன், இதற்கிடையில் பழைய அட்டையை எதற்குப் புதுப்பிக்க வேண்டும், தண்டச் செலவு என்று. மறுநாளே தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக் காகிதங்கள் பார்க்கும் வக்கீலம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "குடியுரிமை கேக்கறதுக்கு அந்த அட்டை உயிரோட இருக்கணும்னு இல்லம்மா. ஆனா குடியுரிமை கைக்கு வர்றதுக்குள்ள உங்க பொண்ணு ஒரு தடவை வெளிய வந்தா, திரும்ப விமானத்துல ஏறும்போது அட்டைய கேப்பாங்க. இல்லன்னா அதுக்கு வேற காகிதம் வாங்கணும், அது எப்ப வரும்னு யாரு கண்டா." குடியுரிமை எத்தனை மாதம் எடுக்கும் என்று கேட்டேன், அதற்கும் கணக்கில்லை என்றாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தெசலோனிகியில் நாம் பிழைக்கப் போயிருந்தபோது உனக்கு மூன்று வயது. நான் வீடுகளில் துடைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் அனுமதிக் காகிதம் முடிந்துபோயிருந்தது, இன்னும் நல்லதாக ஒன்று தரப்போகிறார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், பெரியது வரும்போது சின்னதற்கு ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நீ சொன்ன அதே பேச்சுதான். அந்த மாதம்தான் என் அப்பா போய்விட்டார். கீழே ரொட்டிக் கடைக்குப் போன் வந்தது. எதையும் யோசிக்கவில்லை, உன்னை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு இங்கே ஊருக்குப் பஸ் ஏறினேன். அடக்கம் முடிந்து நாலாம் நாள் எல்லைக்குப் போனால், சாவடியில் இருந்தவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செத்த காயிதம்மா, வந்த வழியே போ" என்றான். எனக்கு ஒரு குழந்தை அங்கே இருக்கிறது என்று சொன்னேன். "எல்லாருக்குந்தான் இருக்கு" என்றான். அடுத்த வாரம் சரியாகிவிடும், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று ஏழு மாதம் போயிற்று. உன்னை இங்கே கொண்டுவந்து விடவும் அப்பாவுக்கு வழியில்லை, வேலையை விட்டு ஒரு நாள் நகர்ந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருந்தான். கடைசியில் விசா கிடைத்து ஓடி வந்து கதவைத் தட்டினேன். நீதான் திறந்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய், உள்ளே திரும்பி, "அப்பா, யாரோ ஒரு அத்தை வந்திருக்காங்க" என்றாய். நீ குழந்தை, உன் மேல் தப்பில்லை. அன்று இரவு என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதாய், நீ என்னிடம் ஒட்டப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இரிஸுக்கு இப்போது இரண்டரை வயது. இதற்கு மேல் நான் என்ன எழுத வேண்டும்.

அதனால் அப்பாவைப் பார்க்க இப்போது ஓடி வராதே. தாயாகிய நானே என் மகளை வராதே என்று எழுதுகிறேன். முதலில் அட்டையைப் புதுப்பி, அது கைக்கு வரட்டும், குடியுரிமைக்கும் போடு, பிறகு ஈஸ்டருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா, மாவைத் தட்டி அடுக்கிச் சுடும் லக்ரோரில் வெங்காயம் வைப்பதா கீரை வைப்பதா என்று அப்போது சண்டை போடலாம்.

அந்த நாட்டுக்காரியாக உறுதிமொழி எடுத்துக்கொண்டால் அப்பா வருத்தப்படுவாரா என்று நீ மெல்ல இழுத்தாயே, அவரிடமே கேட்டுவிட்டேன். சூரியகாந்தி விதை ஒன்றைக் கடித்துத் தோலைத் தட்டில் போட்டார். "பதினோரு வருஷம் தெசலோனிகில போலீஸ்காரன் வந்தா நான் தெருவோட எதிர்ப்பக்கம் போயிருவேன். ஒரு குத்தமும் செய்யல, ஆனா காலு தானா போகும். எம் பொண்ணு நடுத்தெருவுல நேரா நடக்கட்டும்" என்றார். அடுத்த விதையை எடுத்துக்கொண்டே, "ஆனா கனடா காப்பி நல்லாருக்குன்னு மட்டும் அவ சொல்லிரக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, இரிஸின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம். கடவுள் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கட்டும், நீ மிதிக்கும் மண் எதுவானாலும் உனக்கு இளகிக் கொடுக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே படம் எடுக்கப் போ, திங்கட்கிழமை என்று தள்ளாதே. அட்டைக்கான படத்தில் சிரிக்கக் கூடாதாமே, வக்கீலம்மா சொன்னாள். அப்படியே செய். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி இன்னொரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பு. அதில் சிரி.

உன் அப்பா சொதிராக்கின் ஆசிகளுடன்,
உன் அம்மா
பொலிக்செனி